மஞ்சள் துணிக்குள் ஒரு வெள்ளி

பினாங்குக் காற்றுக்கும் வெள்ளிக்கும் ஆகாது. கடலுப்பு, ஓயாத ஈரம், கோயில் சாம்பிராணி, சீனர் வீட்டு ஊதுவத்தி, பஸ் கக்கும் புகை எல்லாம் கலந்த காற்று இது. புதுக் கொலுசு வாங்கிப் பீரோவில் வைத்தால் அடுத்த தைப்பூசத்துக்குள் மங்கிவிடும். அதற்கு எங்கள் வீடுகளில் மருந்தும் தயாராக இருக்கும். பித்தளைக்குப் புளி, வெள்ளிக்கு விபூதி. வெள்ளிக்கிழமை காலையில் அம்மா குத்துவிளக்கையும் குங்குமச் சிமிழையும் பின்கட்டில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தால் அந்தப் பக்கம் யாரும் போக முடியாது. கையில் எது இருந்தாலும் பிடுங்கித் தேய்த்துவிடுவார். கறுப்பு என்றால் அழுக்கு, அழுக்கு என்றால் மூதேவி. இப்படியொரு வீட்டில் வளர்ந்தவன் கறுத்த காசைத் தேடித் தேடி வாங்குகிறவனாக மாறியதற்குக் காரணம், லெபோ பாசாரில் இருந்த ஒரு காசு மாற்றும் கடை.

லெபோ பாசாரை நாங்கள் கடைத்தெரு என்போம். 1970களின் கடைசி அது. புடவைக் கடை, மளிகைக் கடை, பூக்கட்டுகிறவர்கள், கேசட் கடையிலிருந்து தெருவையே நிறைக்கும் பாட்டு. இவற்றுக்கு நடுவே, அஞ்சடி நடைபாதையை ஒட்டி, ஒரு ஆள் உட்கார்ந்தால் நிரம்பிவிடும் கண்ணாடிப் பெட்டிக் கடை. பினாங்கில் காசு மாற்றும் தொழில் நெடுங்காலமாகத் தமிழ் முஸ்லிம்களின் கையில் இருந்தது. இந்தக் கடைக்காரரின் அத்தா கடையநல்லூரிலிருந்து கப்பலேறி வந்தவர். தெருவில் சிறுவர்கள் எல்லோருக்கும் அவர் மாமா. கண்ணாடிக்குள்ளே தாய்லாந்து பாட், சிங்கப்பூர் டாலர், இந்தோனேசிய ரூபியா. கீழே, குனிந்து பார்த்தால் மட்டும் தெரிகிற மரத்தட்டில் பழங்காசு. கப்பல்காரர்களும் வெள்ளைக்காரப் பயணிகளும் வாங்கிப் போவார்கள்.

பள்ளிவிட்டு வரும் வழியில் நான் அங்கே நின்றுவிடுவேன். அவர் சொல்லித் தந்த முதல் பாடம், “தம்பி, ஓரத்தைப் பிடி. முகத்தைத் தொடாதே.” விரலில் இருக்கும் உப்பும் எண்ணெயும் காசில் பட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில வருஷம் கழித்து ரேகை கறுப்பாக எழும்பி வரும். அப்படி மன்னர் கன்னத்தில் கட்டைவிரல் ரேகை எழும்பிய காசு ஒன்றைத் தனியாக வைத்திருந்தார். “எவனோ கைநாட்டு வச்சிட்டுப் போயிருக்கான் பாரு” என்று காட்டுவார்.

அந்தத் தட்டில் கிடந்தவற்றை வைத்தே தீவின் கதையைச் சொல்லிவிடலாம். பிரான்சிஸ் லைட் 1786இல் இங்கே கொடி நாட்டிய பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி சில்லறைக்குச் செம்புக் காசு அடித்தது. 1810ஆம் ஆண்டுக் காசு லண்டனில் அடித்தது, 1825, 1828ஆம் ஆண்டுக் காசுகள் நம் சென்னையில் அடித்தவை. பெரிய வியாபாரமெல்லாம் ஸ்பானிய டாலரிலும் மெக்சிகோ டாலரிலும் நடந்தது. 1895இல் பிரிட்டிஷ் வர்த்தக டாலர் வந்தது. சூலம் ஏந்தி நிற்கும் பிரிட்டானியா ஒரு பக்கம், சீன எழுத்தும் மலாய் ஜாவி எழுத்தும் மறுபக்கம். பெரும்பாலும் பம்பாய், கல்கத்தா அக்கசாலைகளில் அடித்துக் கிழக்கே அனுப்பினார்கள். 1903இல் பினாங்கும் சேர்ந்த தொடுவாய்க் குடியேற்றங்களுக்கென்று தனி டாலர், எட்வர்டு மன்னர் தலையோடு, அதுவும் பம்பாயிலிருந்தே வந்தது. ஆயிரத்துக்குத் தொள்ளாயிரம் பங்கு வெள்ளி, எடை 26.95 கிராம்.

அந்தக் கனம் நிலைக்கவில்லை. வெள்ளி விலை ஏறிக்கொண்டே போயிற்று. 1906இல் ஒரு டாலருக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று மதிப்பைக் கட்டிவிட்டார்கள். காசில் இருக்கும் வெள்ளி அந்த மதிப்பைத் தாண்டினால் ஆட்கள் உருக்கத்தானே செய்வார்கள்? 1907இல் டாலரை 20.21 கிராமுக்குக் குறைத்தார்கள். முதல் உலகப் போருக்குப் பின் இன்னும் சிறுத்து, பாதிக்குப் பாதி செம்பும் கலந்த டாலர் வந்தது. மாமா இதையெல்லாம் புத்தகம் வைத்துச் சொல்லவில்லை. மூன்றையும் ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடச் சொல்லி, எது எந்தக் காலம் என்று கேட்பார். கை பழகிவிட்டால் தராசு தேவையில்லை. நல்ல வெள்ளியையும் கலப்பு வெள்ளியையும் காற்று ஒரேமாதிரி நடத்தாது என்பதும் அங்கே கண்டதுதான். 1903ஆம் ஆண்டு டாலரில் பொன்னிறமும் நீலமும் தெளிவாக ஏறும். 1920ஆம் ஆண்டு டாலர் பெரும்பாலும் சேற்று நிறமாகப் பழுத்துப் போகும்.

சில டாலர்களில் சின்னச் சின்னச் சீன முத்திரைகள் குத்தியிருக்கும். சீன வியாபாரிகளும் சராப்புகளும் சோதித்துப் பார்த்து, நல்ல காசு என்று போட்ட அடையாளம். லெபோ பினாங்கில் செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கிகளிலோ முத்திரை குத்துகிற வழக்கம் இல்லை. சுண்டிவிட்டுச் சத்தத்தைக் கேட்டே ஒதுக்குவார்களாம். நாணயம் பார்ப்பது தமிழனுக்குப் புதிய வேலையும் இல்லை. சங்கப் புலவர்களில் வடமவண்ணக்கன் பேரிசாத்தன் என்றொருவர் உண்டு, வண்ணக்கன் என்றால் காசின் தரம் பார்ப்பவன். மாமாவிடம் இதைச் சொன்னபோது, “புலவருக்கும் பொழப்பு வேணும்ல” என்றார்.

நிறத்துக்கு வருகிறேன். கறுப்பு என்று நாம் சொல்வது மேலே வந்து ஒட்டிய தூசி அல்ல. காற்றில் கொஞ்சமே இருக்கும் கந்தக வாயு வெள்ளியைத் தொட்டு, வெள்ளியின் மேற்புறமே வெள்ளி சல்பைடாக மாறுகிறது. அதைத் தேய்த்து எடுத்தால் காசின் சொந்த வெள்ளியைத்தான் எடுக்கிறோம். அந்தப் படலம் முதலில் மிக மெல்லியது. ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரமாகப் பகுத்தால் வரும் ஒரு பங்கு, சில சமயம் அதிலும் குறைவு. படலத்தின் மேல்புறம் பட்டுத் திரும்பும் ஒளியும், ஊடுருவி வெள்ளியில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று மோதி நிறமாகத் தெரிகின்றன. மழை பெய்த சாலையில் சிந்திய பெட்ரோல் வானவில்லாகத் தெரிவதும் இதே கணக்குத்தான். படலம் தடிக்கத் தடிக்க நிறம் ஒரு வரிசையில் மாறும். வெளிர் மஞ்சள், பொன், செம்பழுப்பு, ஊதா, நீலம், பிறகு மறுபடி மஞ்சள், கருஞ்சிவப்பு, பச்சை, கடைசியில் கரி. இந்த வரிசை மாறாது. மாறியிருந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

கடையில் மேசை விளக்கு ஒன்று இருந்தது. குழல்விளக்கை அணைத்துவிட்டு அதை மட்டும் போட்டு, காசை மெல்லச் சாய்க்கச் சொல்வார். அச்சு அழுத்தும்போது உலோகம் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடுவதால் கண்ணுக்குத் தெரியாத கோடுகள் உண்டாகின்றன. புழங்காத காசைச் சாய்த்தால் அவற்றின் மேல் ஒரு ஒளிக்கீற்று சக்கரமாகச் சுற்றும். நிறம் ஏறிய காசிலும் அந்த ஒளி நிறத்துக்கு அடியிலிருந்து சுற்ற வேண்டும். சுற்றினால் காசு உயிரோடு இருக்கிறது. ஒரு தடவை புளியோ மருந்தோ கண்ட காசு வெள்ளைவெளேரென்று இருக்கும், ஒளி மட்டும் சுற்றாது. நிறத்துக்கு இன்னொரு குணமும் உண்டு, தேய்மானத்தை மறைக்கும். ஆகவே மன்னரின் கிரீடம், மீசை, அங்கியின் மடிப்பு என்று மேடான இடங்களை முதலில் பார்க்க வேண்டும். சுற்றிலும் நீலமாக இருந்து மேடு மட்டும் மங்கல் சாம்பலாக இருந்தால், காசு புழங்கித் தேய்ந்த பிறகு நிறம் ஏறியிருக்கிறது என்று பொருள்.

நிறத்தைப் பார்த்து அது எங்கே படுத்துக் கிடந்தது என்று சொல்லும் வித்தை மாமாவுக்குக் கைவந்தது. ஓரத்தில் மட்டும் வளையமாக நிறம் இருந்தால் அட்டை ஆல்பம். ஒரு பக்கம் வெள்ளையாகவும் மறுபக்கம் கறுத்தும் இருந்தால் தாளில் மடித்தோ டிராயரில் போட்டோ வைத்தது. குறுக்கே கரிக்கோடு ஓடி, கோட்டின் இரு கரையிலும் நீலமும் பொன்னும் ஒதுங்கியிருந்தால் ரப்பர் பேண்டு. ரப்பரைக் கெட்டிப்படுத்தக் கந்தகம் சேர்க்கிறார்களே, அதன் வேலை. ரப்பர் விளைந்த நாட்டில் அந்தக் கோடு விழுந்த காசுக்குக் குறைவில்லை. மண்ணில் புதைத்த காசு தனி ரகம். 1941 டிசம்பரில் ஜார்ஜ் டவுனில் ஜப்பான் குண்டு விழுந்ததும் பலர் வெள்ளிக் காசைப் பால் டின்னில் போட்டு வீட்டுக்குப் பின்னால் புதைத்தார்கள். உப்பு மண் அதை அரித்து, சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக்கிவிட்டது. அதை நிறம் என்று சொல்லக் கூடாது, காயம் என்றுதான் சொல்ல வேண்டும். அதே ஆண்டுகளைச் சேர்ந்த இன்னொரு வேடிக்கை, 1943 என்று பொறித்த சதுரச் சல்லி. ஆறாம் ஜார்ஜ் தலை போட்டது. அந்த ஆண்டு இங்கே வாழைமரப் படம் போட்ட ஜப்பான் நோட்டுத்தான் ஓடியது, சல்லி வந்து சேர்ந்தது போர் முடிந்த பிறகு.

ஒரு நாள் மதியம் ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். கைப்பையிலிருந்து சின்ன முடிச்சு ஒன்றை எடுத்து வைத்தார். மஞ்சள் நனைத்த துணி, பழுத்துப் பழுப்பாகியிருந்தது.

“பாய், இது எங்கம்மா சாமி ரூம்ல வச்சிருந்தது. என்ன தேறும்னு பாருங்க.”

“வேண்டுதல் காசாம்மா? அதை நான் வாங்கக் கூடாது.”

“வேண்டுதல் எப்பவோ முடிஞ்சிருச்சு. தண்ணிமலை முருகனுக்குப் பால்குடமும் எடுத்தாச்சு. பெரிய வெள்ளியாச்சே, உண்டியல்ல போட அம்மாவுக்கு மனசு வரல. நோட்டைப் போட்டுட்டு இதை அப்படியே வச்சிட்டாங்க.”

முடிச்சு இறுகிப் போயிருந்தது. மாமா கத்தரிக்கோலை எடுக்கவில்லை, ஊசியால் இழை இழையாக நெம்பினார். உள்ளே 1903ஆம் ஆண்டு டாலர். அந்த அம்மா முகம் சுளித்தார். “ரொம்பக் கறுத்துருச்சு இல்ல? புளி போட்டுத் தேச்சுக் கொண்டுவரலாம்னுதான் நினைச்சேன், நேரமில்ல.” மாமா பதில் சொல்லாமல் குழல்விளக்கை அணைத்தார்.

மன்னரின் கழுத்துக்குக் கீழே செம்பொன். முகத்துக்கு எதிரே இருந்த வெற்றிடத்தில் ஊதா தொடங்கி விளிம்பை நெருங்கும்போது நீலமாக ஆழ்ந்து போனது. எழுத்துகளைச் சுற்றி மட்டும் மெல்லிய பொன்கரை. எழுத்து மேடாக இருப்பதால் துணி அதன் அடிவாரத்தைத் தொட்டிருக்காது. மறுபக்கத்தில், முடிச்சின் அடியில் துணி இறுக்கமாக அழுந்திய இடத்தில், துணியின் நெசவே பதிந்திருந்தது. ஊடும் பாவுமாகக் கட்டம் கட்டமாக, நூல் தொட்ட இடம் ஒரு நிறம், தொடாத இடம் வேறு நிறம். நெசவு முடிந்த ஓரத்தில் துணியின் ஒரு மடிப்பும் கோடாகத் தெரிந்தது. காசைச் சாய்த்தால் அத்தனைக்கும் அடியிலிருந்து ஒளி சுற்றி வந்தது.

அமெரிக்கக் கருவூலம் தன் மார்கன் டாலர்களை ஆயிரம் ஆயிரமாகத் துணிப்பையில் கட்டிப் பல்லாண்டு வைத்திருந்தது. 1960களின் தொடக்கத்தில் அவை வெளியே வந்தபோது பையை ஒட்டிக் கிடந்த காசுகளில் நெசவும் வானவில்லும் ஏறியிருந்தன. இன்றைக்கு அவற்றுக்குச் சாதாரணக் காசைவிடப் பல மடங்கு விலை. அங்கே கருவூலம் செய்ததை இங்கே ஒரு பாட்டியின் வேண்டுதல் செய்திருக்கிறது. மாமா அந்த அம்மாவுக்கு வழக்கமான விலைக்கு மேலேயே கொடுத்தார். காரணத்தையும் சொன்னார். அவர் நம்பினாரா தெரியாது, பணத்தை எண்ணிக்கொண்டு போனார். வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கத் தொடங்கிய பிறகு அந்தக் காசை மாமாவிடமிருந்து நான் வாங்கினேன், துணியோடு.

தரம் போடுவது இப்போது எண்கணக்காகிவிட்டது. வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1949இல் பழைய அமெரிக்கச் செம்புக் காசுகளுக்காக 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் வைத்தார். 60உம் அதற்கு மேலும் புழங்காத காசு. அதுவே உலகத்துக்கெல்லாம் பொதுவாயிற்று. 1986இல் பிசிஜிஎஸ், 1987இல் என்ஜிசி என்று நிறுவனங்கள் வந்தன. எண்ணைப் போட்டுப் பிளாஸ்டிக் சிலாப்புக்குள் அடைத்துத் தருவார்கள். கண்ணுக்கு அழகான காசுக்கு நட்சத்திரம் போடுகிற வழக்கமும் உண்டு. எனக்கு இந்த எண்களில் பகை இல்லை. முகம் தெரியாதவரிடம் காசு வாங்கும் காலத்தில் ஒரு மூன்றாம் ஆள் வேண்டியதுதான்.

அந்த டாலரை ஒரு தரமிடும் நிறுவனத்துக்கு அனுப்பினேன். பெயர் வேண்டாம். எண் போடவில்லை. ‘நிறம் ஐயத்துக்குரியது’ என்று குறித்துத் திருப்பி விட்டார்கள். நண்பர்கள் கொதித்தார்கள். யோசித்துப் பார்த்தால் அவர்கள் விதிப்படி அது சரிதான். தரம் பார்க்கிறவர் கையில் ஒரு காசு இருப்பது கொஞ்ச நேரம். தொடுவாய்க் குடியேற்ற டாலரில் நெசவு பதிந்த நிறத்தை அவர் பார்த்தே இருக்கமாட்டார். கருவூலப் பை இந்தக் காசுக்குக் கிடையாது என்று மட்டும் அவருக்குத் தெரியும். தமிழ் வீட்டில் வேண்டுதல் காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்கு அடியில் வைப்பார்கள் என்று அவருக்கு யார் சொல்வது? துணியைக் காசோடு அனுப்ப வழியில்லை, அனுப்பினாலும் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

அவர்களைச் சந்தேகப்பட வைத்தவர்கள் நிறம் போடும் கைகாரர்கள். வானவில்லுக்கு விலை ஏறியதும் வானவில் செய்கிறவர்கள் கிளம்பிவிட்டார்கள். முன்பு ரோப் வாக்கில், பிறகு லோரோங் கூலிட்டில், காலையில் தார்ப்பாய் விரித்துப் பழஞ்சாமான் விற்பார்கள். பழைய கடிகாரம், ரேடியோ, பீங்கான் தட்டு இவற்றுக்கு நடுவே காசுக் குவியல். ஒரு முறை பளபளவென்று மயில் நிறத்தில் வர்த்தக டாலர்கள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் ஒரே நீலம், ஒரே ஊதா. பொன்னிறம் இல்லாமலே நீலம் தொடங்கியிருந்தது. கீறலுக்குள்ளே நிறம் தேங்கி நின்றது. வேகவைத்த முட்டையோடு மூடி வைப்பார்கள், அடுப்பில் சுடுவார்கள், கந்தக மருந்தில் முக்குவார்கள். இவை பாதகமில்லை, உள்ளே காசாவது அசல். பல வர்த்தக டாலர்கள் காசே போலி. சட்டைப் பையில் ஒரு காந்தம் வைத்திருங்கள். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. ஒட்டாதது எல்லாம் வெள்ளி என்றும் நம்பிவிடாதீர்கள், எடையும் பாருங்கள்.

வானவில் மோகமே எனக்குக் கொஞ்சம் கூச்சம் தருகிறது. என்னிடம் இருப்பதில் நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பது ஒரு விக்டோரியா காலத்து இருபது காசு. வானவில் எதுவும் இல்லை. புறாச் சாம்பல், ஓரத்தில் நீலம் இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு. அதற்கு யாரும் நட்சத்திரம் போட மாட்டார்கள். ஆனால் அச்சிலிருந்து விழுந்த நாள்முதல் யாரும் அதைத் தேய்க்கவில்லை, அதுவே இந்த ஊரில் அதிசயம். தமிழ் வீட்டுக் காசுகளில் ஒரு பாதி காசுமாலைக்கும் இடுப்புப் பட்டைக்கும் போய்க் காதில் பற்றவைப்பு வாங்கிக்கொண்டு வந்தது. மறு பாதியைப் பண்டிகைக்குப் பண்டிகை விளக்கித் தள்ளிவிட்டோம்.

பிளாஸ்டிக் ஆல்பம் வந்து இன்னொரு கேடு செய்தது. மெத்தென்று வளையும் பிவிசி உறை இந்த வெக்கையில் கசிந்து, காசின் மேல் பச்சையாகப் பிசுபிசுக்கும். அந்தப் பிசினை மட்டும் சுத்தமான அசிட்டோனில் கழுவலாம், அசிட்டோன் வெள்ளியைத் தொடாது. நகப்பூச்சு அழிக்கும் மருந்தை அதற்குப் பதிலாக எடுக்காதீர்கள், அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். மைலார் சாளரம் வைத்த அட்டை, சிலிக்கா ஜெல், கேமராக்காரர்கள் வைத்திருக்கும் ஈரம் போக்கும் பெட்டி, இவை போதும்.

பாட்டி வீட்டுப் பெட்டியில் பழைய வெள்ளிக் காசு கிடைத்தால் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். ரப்பர் பேண்டு இருந்தால் இன்றைக்கே கழற்றிவிடுங்கள். புளியையும் விபூதியையும் குத்துவிளக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விற்பதாக இருந்தாலும் கறுத்தபடியே கொண்டுபோய்க் காட்டுங்கள். துணியிலோ தாளிலோ டப்பாவிலோ வைத்திருந்தால் அதை எறியாமல், யார் எப்போது எதற்காக வைத்தார்கள் என்று ஒரு சீட்டில் எழுதி உடன் வையுங்கள். அந்த நிறம் தானாக வந்தது என்பதற்கு உங்களிடம் வேறு சாட்சி இல்லை.